யாருடைய ‘இப்பதான்’?

கணினிக்கு ‘நேற்று’ தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டும்தான். 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி இதுவரை எத்தனை விநாடிகள் ஓடியிருக்கின்றன என்ற எண். அதை அப்படியே திரையில் வைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதனால் அந்த எண்ணை ‘சில விநாடிகள் முன்’, ‘நேற்று’, ‘மூன்று மாதங்கள் முன்’ என்று மனிதர் பேசும் சொற்களாக மாற்றித்தரும் நிரல் தொகுப்புகளை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் அதை லைப்ரரி என்போம். ஒருவர் எழுதிப் பொதுவில் வைப்பார், மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்வார்கள். 2011இல் வந்த ‘மொமண்ட் ஜேஎஸ்’ அவற்றில் மிகவும் பிரபலமானது. இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று அதைப் பராமரிப்பவர்களே 2020இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் அதன் கணக்குமுறை இன்னும் பல திரைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் நான். இந்த லைப்ரரியின் வேலை பார்ப்பதற்குச் சின்னதுதான். ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வி உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஒருவருடைய காலத்தை ‘ரவுண்டு’ பண்ணிச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

முதலில் அந்த ரவுண்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மொமண்டின் கணக்கில் 44 விநாடிகள் வரை ‘சில விநாடிகள்’. 45 நிமிடத்திலிருந்து 89 நிமிடம் வரை எல்லாமே ‘ஒரு மணி நேரம்’. 26 நாளிலிருந்து 45 நாள் வரை ‘ஒரு மாதம்’. 320 நாளிலிருந்து 547 நாள் வரை ‘ஒரு வருடம்’. அதாவது முதல் திதி வருவதற்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே, இறந்தவர் போய் ‘ஒரு வருடம்’ ஆகிவிடும். ஒன்றரை வருடம் நெருங்கும்போதும் அதே ‘ஒரு வருடம்’தான். எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. விரும்பினால் அந்த எல்லைகளை மாற்றிக்கொள்ளவும் லைப்ரரியில் வழி இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் வந்தபடியே வைத்துக்கொள்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு மதியம் போட்ட கோடு, அறிமுகமே இல்லாத லட்சக்கணக்கானவர்களின் காலத்தைப் பிரிக்கிறது.

ரவுண்டு பண்ணுவது நமக்குப் புதிதில்லை. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியக் கடைகளில் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்கு ரவுண்டு பண்ணுகிறார்கள். ஆனால் ரசீதைப் பாருங்கள். எத்தனை சென் கூட்டினார்கள், எத்தனை குறைத்தார்கள் என்று தனியாக ஒரு வரி இருக்கும். இரண்டு சென்னுக்குக்கூட நாம் கணக்குக் கேட்கிறோம். 19 நாளுக்கு யாரும் கேட்பதில்லை.

என் மாமா லாரி ஓட்டுகிறவர். ஒரு முறை முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தார். மாமா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில், “இந்த வாரம் பார்த்துர்லாம்.” அத்தை சமையலறை நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு ஒரு கோடு, பிள்ளையின் டியூஷனுக்கு ஒரு கோடு. முப்பத்தேழாவது நாள், மாமா முதலாளிக்கு முதலில் அனுப்பிய செய்தியை எடுத்துக் காட்டினார். பக்கத்தில் ‘ஒரு மாதம் முன்’ என்று இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, “ஒரு மாசமா? அந்த ஏழு நாளு எங்கடா போச்சு?” என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், வீட்டில் கம்ப்யூட்டர்காரன் நான்தானே.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது. ‘சீக்கிரம்’ என்றோ ‘ஒரு வாரம்போல’ என்றோ சொல்லவில்லை. எதிரே நிற்கும் இருவரில் ஒருவருக்குப் பலம் அதிகம் என்று தெரிந்த இடத்தில், சட்டம் எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஏனென்றால் காக்கவைப்பவருக்கு எப்போதும் தோராயம் வசதி. காத்திருப்பவரிடம் இருப்பது எண்ணிக்கை ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொண்டால் அவர் எதை வைத்துக் கேட்பார்?

மொமண்டின் தமிழ்க் கோப்பைத் திறந்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஆங்கிலத்தில் ஏஎம், பிஎம் என்று இரண்டே துண்டுகள் இருக்கும் இடத்தில் தமிழுக்கு ஆறு வைத்திருக்கிறார்கள்: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். நாலு நாலு மணி நேரமாக, அதாவது பத்துப் பத்து நாழிகையாக. நம் சிறுபொழுதுகளேதான். யாரோ ஒரு தமிழர் ஆசையோடு செய்த வேலை. திணை இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், முல்லையின் சிறுபொழுது மாலை, அதன் உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்கு எற்பாடும் இரங்கலும். போனவன் எந்நேரம் திரும்புவான் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மாலை அது. காலத்தைத் துண்டு போட்டபோது, அந்தப் பழைய இலக்கணம் காத்திருப்பவளின் பக்கம் நின்று பார்த்திருக்கிறது. அதே கோப்பில் சில வரி தள்ளி, எதிர்காலத்தைச் சொல்ல எண்ணோடு ‘இல்’ ஒட்டுகிறார்கள். ‘3 நாட்கள் இல்’ என்று வரும். ‘மூன்று நாட்களில்’ என்று சொல்ல வந்தது. படிக்கும்போது மூன்று நாட்களே இல்லை என்பதுபோலக் கேட்கிறது. தவணை சொல்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்வதுதான் நேர்மையா? அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையை இழந்த அம்மாவிடம் போய் “இன்றோடு 412 நாள்” என்று ஒரு திரை சொன்னால் அது கொடுமை. “நேத்து மாதிரி இருக்கு” என்று அவர் சொல்கிறார். நாட்காட்டிப்படி அது தவறு, ஆனால் அதில் பொய் இல்லை. தன் காலத்தை எப்படிச் சுருக்குவது, எப்படி நீட்டுவது என்பது அவர் இஷ்டம். நண்பனிடம் “இப்பதான் வந்தேன்” என்று சொல்வதும் அப்படித்தான். அரை மணி நேரம் காத்திருந்தவன், வந்தவன் மனம் கஷ்டப்படக் கூடாதென்று தன்னுடைய அரை மணியை விட்டுக்கொடுக்கிறான். தாமதமாக வந்தவனே “ஏய், நீயும் இப்பதானே வந்தே” என்று சொன்னால்? சொல் ஒன்றுதான், அறம் தலைகீழாகிவிடுகிறது.

ஆகவே தோராயமா துல்லியமா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. யாருடைய காலம், யார் சுருக்குகிறார் என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் உண்டு. மனிதர் ‘இப்பதான்’ என்றால் “இப்பதான்னா எப்போ?” என்று திருப்பிக் கேட்கலாம். அவர் முழிக்கலாம், மழுப்பலாம். ஆனால் கேட்கப்பட்டோம் என்பது அவருக்குத் தெரியும். திரையில் வரும் ‘ஒரு மாதம் முன்’ யாருடைய வாயிலிருந்தும் வரவில்லை. அதனால் அதற்குப் பதில் சொல்லும் கடமையும் யாருக்கும் இல்லாமல் போகிறது.

இதற்குத் தொழிலுக்குள்ளேயே ஒரு பழைய நல்ல வழக்கம் இருக்கிறது. சுருக்கிய சொல்லை மேலே காட்டினாலும், முழுத் தேதியையும் நேரத்தையும் அதன் அடியில் வைத்திருப்பது. விரலை வைத்தால் அது தெரியும். கடை ரசீதின் அந்த ஒரு வரி மாதிரி. நான் இப்போது ஒரு திரையை வடிவமைக்கும்போது முதலில் கேட்டுக்கொள்வது, இதைப் பார்க்கப்போகிறவர் காத்திருப்பவரா என்று. புகைப்படம் பார்க்க வந்தவருக்கு ‘போன வருடம்’ போதும். பணத்துக்கோ பதிலுக்கோ மருந்துக்கோ காத்திருப்பவர் என்றால் தேதியை மேலே வைக்கிறேன், எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். திரை அவ்வளவு அழகாக இல்லை என்று டிசைனர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.