தாழியைத் திறந்தவர் கடன்

கோடை விடுமுறையில் பன்வெலில் வண்டியேறித் திருநெல்வேலி சென்று சேரும் குடும்பங்கள் நம்மிடையே பல. அங்கிருந்து திருச்செந்தூர் முருகனை வழிபடச் செல்லும் சாலையில், ஏறத்தாழ இருபத்து நான்கு கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில் ஒரு பரம்பு உண்டு. அது நெல் விளையாத சரளை மேடு. அம்மேட்டை உடைய ஊரே ஆதிச்சநல்லூர். முன்பெல்லாம் பேருந்தின் சாளரத்தில் கணநேரம் தோன்றி மறைந்த அவ்வூரில் இப்பொழுது நாமும் இறங்குகிறோம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், அகழ்ந்த குழிகளின் மீது கண்ணாடித் தளம் அமைத்துத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டும் காட்சிக்கூடம் அங்கே திறக்கப்பட்டது. பெரியதோர் அருங்காட்சியகத்திற்கு அடிக்கல்லும் அன்றே நாட்டப்பட்டது.

அக்கூடத்திற்கு நாங்கள் சென்றிருந்தபோது நெருளில் பிறந்து வளர்ந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உடன் வந்திருந்தாள். கண்ணாடியின் மேல் நின்று கீழே குனிந்து பார்த்தவள், "அம்மா, இது யாரோட சமாதி? நாம செருப்போட மேல நிக்கலாமா?" என்று கேட்டாள். தாய் தன் காலைச் சட்டெனப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பெரியவர்களாகிய எங்களுள் ஒருவரிடமும் விடை இல்லை. கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று குழந்தைகளுக்குக் கற்பித்திருக்கிறோம்; அருங்காட்சியகத்தில் கழற்ற வேண்டியதில்லை என்றும் கற்பித்திருக்கிறோம். இரண்டும் ஓரிடமே ஆகுமாயின் செய்ய வேண்டுவது யாது என்பதை நாம் கற்பிக்கவில்லை, நாமும் கற்கவில்லை.

இறந்தோர் துயிலும் இடத்தை வாழ்வோர் நன்மைக்காகத் திருத்தி அமைக்கும்பொழுது, நாம் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? சிறுமியின் வினாவிற்குள் அடங்கியிருக்கும் பெருவினா இதுவே.

மண் காத்ததும் மனிதர் எடுத்ததும்

ஆதிச்சநல்லூர் ஈமக்காடு நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஆற்றங்கரையின் நன்செய் நிலத்தை உயிரோடிருப்பவர் உணவுக்கு விட்டு, விளையாத மேட்டை இறந்தோர்க்கு ஒதுக்கினர் நம் முன்னோர். பாறையும் சரளையுமான அம்மண்ணைக் குடைந்து, பெருந்தாழிகளில் தம் மக்களை வைத்தனர். அவர்களோடு இரும்பு வாளும் வேலும், விலங்கும் பறவையும் உச்சியில் அமைந்த வெண்கல மூடிகளும், நெற்றியில் அணியும் பொற்பட்டங்களும், உமி நீங்கா நெல்லும் வைத்தனர். 2004–05ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்தவற்றுள் இரு மாதிரிகளை ஆய்ந்ததில் கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலங்கள் தெரியவந்தன. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் அம்மண் அவர்களைக் காத்தது.

1876ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் ஜாகோர் அங்கு வந்து அகழ்ந்தார். எடுத்த பொருள்களைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். 1899 தொடங்கி அலெக்சாந்தர் ரியா பல பருவங்கள் அகழ்ந்து, கண்ட பொருள்களை வரிசைப்படுத்தி 1915இல் பட்டியல் நூலாக வெளியிட்டார். அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மண்டையோடுகளைச் சுக்கர்மன் என்னும் அறிஞர் அளந்து, அவை எவ்வினத்தாருடையவை என ஆராய்ந்து 1930இல் எழுதினார். பிறகு நெடுங்கால அமைதி. 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறையின் தியாக. சத்தியமூர்த்தி மீண்டும் அகழ்ந்தார். சிறிய பரப்பிலேயே நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2020ஆம் ஆண்டு நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கை, சிறப்பாக மேம்படுத்தப்பட வேண்டிய ஐந்து தொல்லிடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூரையும் அறிவித்தது. கண்ணாடித் தளம் வந்த வரலாறு இது.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது பெருமிதம் எழுவது இயல்பு. ஆனால் பெருமிதம் வேறு, கடன் வேறு. தமிழர் தொன்மைக்குச் சான்று கிடைத்தது என்று மகிழும் நாம், அச்சான்று ஒருவருடைய தாயின் உடல் என்பதை மறந்துவிடுகிறோம்.

அறிவின் பெயரால்

"அகழாவிட்டால் எதைத்தான் அறிவோம்? இறந்தவர்க்கு இனி இழப்பென்ன?" என்று கேட்பார் உளர். இவ்வினா புறந்தள்ளத் தக்கதன்று. அகழாய்வு இல்லையேல் அம்மக்களின் உழவும் உலோகத் தொழிலும் நமக்குத் தெரிந்திரா. மேட்டை எவரேனும் சரளைக்காக வெட்டியிருக்கவும் கூடும். அறிதல் என்பதும் ஒருவகை நினைத்தலே. பெயரற்றுக் கிடந்தவரை நினைவிற்குக் கொணர்ந்தவர் தீங்கு செய்தார் எனல் ஆகாது.

ஆனால் அறிவின் பொருட்டுத் திறந்தோம் என்பவர், அறிந்ததைச் சொல்ல வேண்டும் அன்றோ? 2004–05ஆம் ஆண்டு அகழாய்வின் முழு அறிக்கை பத்தாண்டுக்கும் மேலாக வெளிவரவில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை வழக்குச் சென்றது. ஒரு தாழியைத் திறப்பதற்கு நாம் காட்டும் நியாயம் அறிவு ஒன்றே. அவ்வறிவு அலமாரியில் உறங்குமாயின் நியாயமும் உடன் உறங்கிவிடுகிறது; எஞ்சுவது கலைந்த துயில் மட்டுமே. எனவே திறந்தவர் கடனுள் முதலாவது, கண்டதைக் காலத்தில் சொல்லுதல்.

அறிவுக்கும் ஒரு பார்வை உண்டு. 1930இல் மண்டையோட்டை அளந்தவர் 'இவன் எவ்வினத்தான்?' என்று கேட்டார். கீழடியின் ஈமக்காடாகிய கொந்தகையில் கிடைத்த இரு மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக அறிஞர்கள் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையுடன் ஆய்ந்து, அவற்றிற்கு உரிய முகங்களை 2025இல் உருவாக்கிக் காட்டினர். அம்முகங்களின் படத்தை நம் வீடுகளில் பார்த்தபோது, "நம்ம பெரியப்பா மாதிரி இருக்காரே!" என்ற சொல் பலர் வாயிலும் எழுந்தது. அறிவியல் ஒன்றே, ஆயினும் அளவுகோலுக்கு உரிய பொருளாகக் காண்பதற்கும் உறவினனாகக் காண்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. மேம்பாடு என்பது அத்தொலைவைக் குறைக்க வேண்டும்.

இறந்தோர்க்கு இழப்பில்லையா?

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். இறந்தவர்க்கு உணர்வில்லை, ஆகவே அவர்க்குத் தீங்கும் இல்லை என்பது தருக்கத்தில் அழகாகவே நிற்கிறது. ஆயினும் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அது மனத்தில் நிற்பதில்லை. காரணத்தை நம் அனுபவத்திலேயே காணலாம்.

எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று செம்பூரில் மூன்று தலைமுறையாக வாழ்கிறது. தாத்தாவை ஊரில்தான் அடக்கம் செய்தார்கள். ஊரின் பெயர் இங்கே வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் இடுகாட்டைச் சீரமைத்தனர். சுற்றுச்சுவர் எழுந்தது, குழாய் வந்தது, விளக்கு வந்தது, உள்ளே சிமெண்டுப் பாதை வந்தது. மழைக்காலத்தில் சேற்றில் பாடை சுமந்து வழுக்கி விழுந்த துன்பம் தீர்ந்தது. யாவும் நல்லனவே, ஊரார் கேட்டுப் பெற்றனவே. ஆனால் அடுத்த விடுமுறையில் சென்றபோது தாத்தாவின் இடத்தைக் காணவில்லை. அடையாளமாக நின்ற பூவரசு பாதைக்காக வெட்டப்பட்டிருந்தது. பேரன் கையிலிருந்த மாலையைச் சற்று நேரம் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு சுவரோரம் சாத்திவிட்டுத் திரும்பினான். ஊரார்மீது அவனுக்குச் சினம் இல்லை. "கேக்கறதுக்கு நாங்க அங்க இல்லையே" என்று மட்டுமே சொன்னான்.

இங்கே இழப்பு யாருக்கு? தாத்தாவுக்கு என்றால் தருக்கம் மறுக்கும். பேரனுக்கு மட்டும் என்றாலும் குறை நிற்கும். அடக்கம் என்பது ஒரு வாக்குறுதி. 'உன்னை இங்கே வைத்தோம். இங்கே நீ இருப்பாய்' என்று வாழ்வோர் இறந்தோர்க்குக் கொடுத்த சொல் அது. கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்துவிட்டால் சொல் மட்டும் அனாதையாக நிற்கிறது. அதை எடுத்து வளர்ப்பவர் பின்வந்தோரே. புறநானூற்றில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். அவளுக்கு அத்தாழி, இருவரும் சேர்ந்திருக்கப் போகும் இல்லம். வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை முதலில் வைத்தார். இறந்தோர் நம்மிடம் கேட்க இயலாதவர். கேட்க இயலாதவர்க்குச் செய்வதே கடன்களுள் தூயது என அவர் கருதினார் போலும்.

ஆகவே நம் முடிவு, திறக்கலாகாது என்பதன்று. திறந்தவர் அவ்வாக்குறுதியைத் தாம் ஏற்றுக்கொண்டவர் ஆகிறார் என்பதே.

முடிவு செய்வோர் யார்?

நியூயார்க்கு நகரில் 1991ஆம் ஆண்டு அரசு அலுவலகக் கட்டடத்திற்கு நிலம் தோண்டியபோது, அடிமைகளாகவும் உரிமை பெற்றவராகவும் வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. எலும்புகள் விரைந்து எடுக்கப்பட்டன. கருப்பின மக்கள் எதிர்த்தெழுந்தனர், பணி நிறுத்தப்பட்டது. ஆய்வு வேண்டா என அவர்கள் கூறவில்லை. எங்கே, யாரால், என்ன வினாக்களோடு ஆய்வு நிகழ வேண்டும் என்பதில் தமக்கும் குரல் வேண்டும் என்றனர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடந்தது. 2003இல், கானா நாட்டில் செதுக்கிய பேழைகளில் 419 பேரின் எலும்புகளும் மீண்டும் அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அது தேசிய நினைவிடம் ஆயிற்று. அறிவும் மரியாதையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதிச்சநல்லூரில் குரல் யாருக்கு? பம்பாயில் இருந்துகொண்டு 'உலகத் தரத்தில் அமைக்க வேண்டும்' என்று தீர்மானம் நிறைவேற்றும் நமக்கா? காக்கப்பட்ட தொல்லிடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். சட்டம் வேண்டியதே. ஆனால் மகனுக்கு மணமாகி ஓர் அறை கூட்ட நினைக்கும் உழவன் அப்பரம்பின் அருகில்தான் வாழ்கிறான். பெருமை நம்முடையதாகவும் சுமை அவனுடையதாகவும் இருப்பது அறமாகாது. திட்டத்தின் முதல் வரைபடம் அவன் திண்ணையில் விரிக்கப்பட வேண்டும்.

இதைச் சொல்லும்போதே நம் காலடியையும் நோக்க வேண்டியிருக்கிறது. 1970இல் சிட்கோ நிறுவப்பட்டு நவிமும்பை எழுந்தபோது, அதன் எல்லைக்குள் வந்தவை 95 கிராமங்கள். ஆகரி, கோளி மக்களின் வயலும் உப்பளமும் மீன்துறையும் நகரமாயின. நெருளும் அக்கிராமங்களுள் ஒன்று. நாம் வாங்கிய வீட்டின் பத்திரத்தில் நமக்கு முன் அந்நிலத்தை உழுதவன் பெயரை நாம் தேடியதுண்டா? அவர்தம் முன்னோரும் இம்மண்ணில்தான் கலந்திருக்கின்றனர். ஆதிச்சநல்லூர்ப் பரம்பிற்கு மரியாதை கேட்கும் நாம், இங்குள்ள கிராமத் தெய்வத்தின் மேடையையும் சுடுகாட்டையும் 'இடையூறு' என்று குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் பேசினால், நம் மரியாதை வெறும் இனப்பற்றாகச் சுருங்கிவிடும்.

நாம் வேண்டுவன

மேம்பாட்டுத் திட்டத்திற்கு நம் வேண்டுகோள் சில. பரம்பின் பெரும்பகுதி திறக்கப்படாமலே இருக்கட்டும். வருங்கால அறிவுக்கும் வேலை வேண்டும், இறந்தோர்க்கும் அமைதி வேண்டும். திறந்தவற்றின் அறிக்கை காலத்தில் தமிழிலும் வெளிவரட்டும். ஆய்வு முடிந்த எலும்புகள் எண்ணிட்ட பெட்டிகளில் கிடவாமல், பரம்பிலேயே ஓர் அமைதி அறையில் மீள வைக்கப்படட்டும். பெர்லினில் உள்ளவற்றின் முழுப் பட்டியலும் படங்களுமேனும் ஊர்ப்பள்ளிக்கு வந்து சேரட்டும். வழிகாட்டிகள் அவ்வூர் இளைஞராகவே இருக்கட்டும். கூடத்தின் வாயிலில், 'இங்கே துயில்பவர் மனிதர்' என்றொரு பலகை இருக்கட்டும்.

இவற்றுள் எதையும் செய்யும் அதிகாரம் நம்மிடம் இல்லை. எழுதிக் கேட்கும் கடமை உண்டு. ஆண்டிற்கொருமுறை செல்லும்போது நடந்துகொள்ளும் முறை முற்றும் நம் கையில் உண்டு.

அன்று அச்சிறுமிக்கு நாங்கள் விடை சொல்லவில்லை. அவளாகவே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடித் தளத்தைச் சுற்றிவந்தாள். பிறகு அவள் தாயும், பின் நாங்களும் அவ்வாறே செய்தோம். காவலர் வியப்போடு பார்த்தார், தடுக்கவில்லை. தாழிக்குள் இருந்தவர் அதை அறிந்திரார். எனினும் அவரை அங்கே வைத்தவர் கொடுத்த சொல், மூவாயிரம் ஆண்டுகள் கடந்து, நெருளில் பிறந்த ஒரு குழந்தையின் கையில் அன்று பத்திரமாக இருந்தது.