நொண்டினாலும் முன்னே போனான்



ஆதியாகமம் 32-ம் அதிகாரத்தில் யாக்கோபைப் பாருங்க. ராத்திரி முழுதும் போராடி ஆசீர்வாதத்தை வாங்கினான். அதே ராத்திரியில் தொடைச்சந்தும் சுளுக்கிப்போயிற்று. ஆசீர்வாதமும் வந்தது, நொண்டலும் வந்தது! "இடுப்பு சரியாகட்டும், அப்புறம் ஏசாவைப் பார்த்துக்கலாம்" என்று அவன் உட்கார்ந்துவிடவில்லை. நொண்டிக்கொண்டே தன் குடும்பத்துக்கு முன்னாலே நடந்து போனான்.

பிரியமானவர்களே, ஒரு உதாரணம் சொல்லுகிறேன். கனடா தேசத்தில் ரிக் ஹேன்சன் என்று ஒருவர். 1973-ல் அவருக்கு 15 வயது. நண்பனோடு மீன் பிடித்துவிட்டு, டிரக்கின் பின்பக்கம் ஏறி வீடு திரும்பும்போது விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டது, கால்கள் செயலற்றுப்போயின. முதுகெலும்புக்குள்ளே ஓடுகிற நரம்புதான் மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டுபோகிறது. கை கால் எலும்பு கூடுகிறதுபோல அது திரும்பக் கூடுவதில்லை. அதற்கு வழி தேட ஆராய்ச்சி வேண்டும், ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும்.

அந்தப் பணத்தைத் திரட்ட, 1985 மார்ச் 21-ல் வான்கூவர் நகரத்திலிருந்து சக்கர நாற்காலியில் புறப்பட்டார். 34 தேசங்கள்! 40,000 கிலோமீட்டருக்கு மேல்! அத்தனை தூரமும் சக்கரத்தைக் கையாலேயே தள்ளினார். 1987 மே 22-ல் வான்கூவருக்கே திரும்பி வந்தார். சேர்ந்த பணம் 2 கோடியே 60 லட்சம் டாலர்.

கவனிச்சீங்களா? நாற்காலியில் போனவர் நாற்காலியில்தான் திரும்பினார். ஆனால் வெறுங்கையாய்த் திரும்பவில்லை!

கர்த்தர் சுகமாக்குகிறவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெபித்தும் சுகம் வராதவரைப் பார்த்து, "விசுவாசம் பத்தலை", "ஏதோ மறைவான பாவம் இருக்கும்" என்று பேசுகிறோமே, இது என்ன அன்பு? பவுல் தன் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் எடுபடவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. பவுலுக்கு விசுவாசம் பத்தலையா?

சுகமான பிறகுதான் ஊழியம் என்று காத்திருக்கிற சகோதரனே, சகோதரியே! முதுகுவலியின் ராத்திரி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதே வலியில் கிடக்கிறவனுக்கு உங்க வார்த்தை போய்ச் சேருவதுபோல என் பிரசங்கம் சேராது. இருக்கிற பெலத்தோடு இன்றைக்கே புறப்படுங்க.

எழுந்து நடமாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்கு 2-ம் அதிகாரத்தில் அந்த நாலு பேர், "உனக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்று விசாரணை நடத்தவில்லை. படுக்கையைத் தூக்கினார்கள், கூரையைப் பிரித்தார்கள். ஹேன்சனோடு விபத்தில் சிக்கிய அந்த நண்பனும் உலகப் பயணத்தில் அவரோடேகூடப் போனார். நம்ம சபை வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பார்த்திருக்கீங்களா? சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் உண்டா? அசையமுடியாமல் கிடக்கிற பிள்ளைக்குப் படுக்கைப்புண் வராதபடி, ராத்திரியிலும் எழுந்து எழுந்து திருப்பிப் படுக்கவைக்கிற ஒரு தாய் உங்க தெருவில் இருக்கலாம். ஒரு ராத்திரி நீங்க போய் உட்கார்ந்தால் அவங்க தூங்குவாங்க. அதுவும் ஊழியம்தான்!

ஜெபிப்போம்: ஆண்டவரே, சுகத்தைத் தாரும். சுகம் தாமதிக்கும்போது, நொண்டிக்கொண்டாகிலும் முன்னே போகிற கிருபையைத் தாரும். கூடவே தூக்கிச் சுமக்கிற நாலு பேரையும் தாரும். ஆமென், அல்லேலூயா!