நாலு நாள் வலி

பொங்கலுக்குத் திருவையாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் கரும்புக் கட்டு சாத்தியிருந்தது. வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு துண்டைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்க, என் தங்கை மகள் மட்டும் தூணோரம் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். பதிமூன்று வயது. ரெண்டு நாள் முன்னால்தான் தஞ்சாவூரில் பல்லுக்கு க்ளிப் போட்டிருந்தார்கள்.

"ஏம்மா, கரும்பு வேண்டாமா?"

"கடிக்கக் கூடாதாம் மாமா. முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் எதுவும் கூடாதாம். க்ளிப் பேந்துடுமாம்."

உள்ளேயிருந்து என் அம்மா குரல் கொடுத்தாள். "சாமி குடுத்த பல்லுக்கு எதுக்குடா வேலி?"

தஞ்சாவூர்க்காரர்களுக்கு வேலி என்றால் நிலக் கணக்கு. ஆறரை ஏக்கருக்கு மேல். அந்தப் பெண்ணின் வாய்க்குள் இவ்வளவு பெரிய பஞ்சாயத்து நுழையும் என்று யாரும் நினைக்கவில்லை.

அம்மா கேட்டதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. பிறவியில் வந்ததைத் திருத்தலாமா? அது அழகு மோகமா, அவசியமா? நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பற்களைச் சுத்தம் செய்வது கஷ்டம். சொத்தை வரலாம், ஈறு கெடலாம் என்று டாக்டர்கள் பதில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை க்ளிப் கேட்டதற்குக் காரணம் சொத்தை இல்லை. நான்.

ரெண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் குடும்பமாக போட்டோவுக்கு நின்றோம். "வாயை மூடிக்கிட்டுச் சிரிம்மா, பல்லு முதல்ல ஓடி வருது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அந்தக் கை அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

நல்லதுக்குத்தானே சொன்னோம் என்று நினைத்துக்கொண்டேன். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம்.

பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொண்டபோதுதான் என் மண்டையில் உறைத்தது. பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப் படலம் இருக்கிறது. கம்பி லேசாக இழுத்துக்கொண்டே இருந்தால், பல் போகிற பக்கம் எலும்பு கரைந்து வழிவிடுகிறது. விட்டுவந்த பக்கம் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரிய விஷயம்.

அவசரப்பட்டு முறுக்கினால்? அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, நார்ப் படலம் செத்துப்போய், பல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வேரே தேய்ந்து குட்டையாகவும் ஆகலாம். 1728-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர், உலோகப் பட்டையில் பல்லைக் கட்டி மெல்ல இழுக்கிற முறையை எழுதினார். இடுக்கியால் ஒரேயடியாகத் திருப்பி, பக்கத்துப் பல்லோடு கட்டிவைக்கிற முறையும் அதே புத்தகத்தில் இருக்கிறது. இன்றைக்கு நிலைத்திருப்பது மெல்ல இழுக்கிற வழிதான்.

பிள்ளைகளைத் திருத்தும்போது நம் கையில் இருப்பது என்ன, கம்பியா இடுக்கியா? மார்க் குறைந்தால் ஒரு திருகு, நிறம் கறுத்தால் ஒரு திருகு, நாலு பேர் முன்னால் ஒரு திருகு. அப்புறம், "எத்தனை சொன்னாலும் மாற மாட்டேங்குது" என்று புலம்புகிறோம். மாறாது. நாம் இறுக்கிய இறுக்கில் அங்கே ரத்த ஓட்டம் நின்று போயிருக்கும்.

சாயங்காலம் பார்க்கிறேன், வேலி என்று கேலி பேசிய அம்மா கொல்லையில் உரலோடு உட்கார்ந்திருக்கிறாள். கரும்பைச் சீவி, பொடியாக நறுக்கி, இடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து ஒரு டம்ளர் சாறு எடுத்துவிட்டாள். "குடி. குடிச்சதும் வாயை நல்லாக் கொப்பளி, கம்பியில இனிப்பு நிக்கக் கூடாது." ராத்திரிக்குக் குழைந்த தயிர் சாதம். படுக்கப் போகும்முன் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். கன்னத்தில் கம்பி உரசிய இடத்துக்கு, டாக்டர் கொடுத்த மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அவளே ஒட்டிவிட்டாள். "நட்ட பயிர் நாலு நாள் பழுத்துத்தாண்டி நிக்கும். வேர் பிடிச்சா தன்னால பச்சை கட்டும்."

க்ளிப் கூடாது என்ற தன் கட்சியை அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் போட்டாகிவிட்டது, குழந்தைக்கு வலிக்கிறது. கட்சியை ஓரமாக வைத்துவிட்டு வலியைப் பார்த்தாள். நான் பல்லைப் பார்த்தேன். அவள் பிள்ளையைப் பார்த்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. க்ளிப்பைக் கழற்றியதும் வேலை முடிந்துவிடாது. பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். ரீடெய்னர் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலை வெட்டினால் மட்டும் போதுமா? ஊர் கூடித் தூர்வாருவதற்குத்தான் குடிமராமத்து என்று பேர் வைத்தார்கள். திருத்துவது ஒரு தடவை. பார்த்துக்கொள்வது வருஷா வருஷம்.

மறுநாள் கிளம்பும்போது கேட்டேன். "இன்னும் வலிக்குதாம்மா?"

"கம்பி வலி நாலு நாள்ல போயிடுமாம் மாமா."

எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை அவள். எனக்குத்தான் சுருக்கென்றது.

"அன்னைக்குக் கல்யாணத்துல, போட்டோ எடுக்கறப்போ நான் சொன்னது தப்பும்மா."

"எந்த போட்டோ மாமா?" என்று சிரித்தாள்.

சிரிக்கும்போது கை தன்னால் வாய்க்குப் போனது.

க்ளிப்புக்கு டாக்டர் ரெண்டு வருஷம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கை இறங்க எத்தனை வருஷமோ. மெல்ல, விடாமல், நான்தான் இழுக்க வேண்டும்.