குரலை விற்கலாம், வாக்கை விற்கலாமா?

“குரல் கொடுத்துப் பிழைக்கப் போகிறேன்” என்று நம் வீட்டுப் பிள்ளை ஒன்று சொன்னால், பெற்றோர் முதலில் கேட்பது, “அதில் மாதச் சம்பளம் உண்டா?” என்பதே. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பிறர் எழுதிக் கொடுத்ததை, பிறர் தரும் பணத்துக்காக, நம் குரலில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பொறுப்பாளி யார்?

தொழிலை இழிவுபடுத்த இதைக் கேட்கவில்லை. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபின், ஒரு மனிதனைக் குரல் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை நாம் கண்டோம். எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் முகத்தை ஒருநாளும் கண்டிராத தென்னிந்தியக் குடும்பங்களும் அவருடைய குரலைக் கேட்கக் காத்திருந்தன.

அத்தகைய பெயர் குரல்வளத்தால் மட்டும் வந்துவிடாது. லகர, ளகர, ழகர வேறுபாடு நாவிலே நிற்கவேண்டும். பிரதியை முன்னதாக வாசித்து, மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, ஒலிவாங்கியின் முன் நின்று ஆயிரம் பேருக்கல்ல, ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லவேண்டும். கேட்பவர், “இவர் எனக்கே சொல்கிறார்” என்று நம்புவதுதான் இத்தொழிலின் வெற்றி. அந்த நம்பிக்கையிலேதான் நம் கேள்வியும் பிறக்கிறது.

நாடகத்தில் கொலைகாரனுக்குக் குரல் கொடுப்பவர் கொலைகாரர் அல்லர். அது நாடகம் என்பது கேட்பவருக்குத் தெரியும். சவர்க்கார விளம்பரத்தில் சிறிது மிகைப்படுத்திச் சொல்வதையும் உலகம் அறியும். ஆனால் “இந்த மருந்தினால் நீரிழிவு அடியோடு மாறும்” என்பதும், “பணத்தைக் கட்டுங்கள், வெளிநாட்டு வேலை நிச்சயம்” என்பதும் அப்படியல்ல. அவற்றை நம்பி ஒரு தாய் தாலிக்கொடியை அடகு வைக்கலாம். அப்போது, “நான் வாசித்தேன், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட முடியுமா? பிலாத்துவும் தண்ணீர் எடுத்துக் கைகழுவினான்.

“ஒவ்வொரு மருந்தையும் சோதித்துப் பார்த்த பின்னரா வாசிப்பது? எங்களுக்கும் வயிறு உண்டே!” என்று கலைஞர் கேட்கலாம். உண்மைதான். தபாற்காரன் தான் கொண்டுவரும் கடிதத்துக்குப் பொறுப்பாளியல்லன். ஆனால் அவன் கையிலிருப்பது ஒட்டிய கடிதம். கலைஞரின் கையிலிருப்பதோ திறந்த கடிதம். எல்லாவற்றையும் ஆராய அவர் கடமைப்பட்டவரல்லர். ஆனால் வாசிக்கும்போதே நெஞ்சில் முள்ளாகக் குத்துவதை, “இது உண்மையா?” என்று கேட்கக் கடமைப்பட்டவர்.

இது இன்று தோன்றிய சங்கடமன்று. 384ஆம் ஆண்டில் மிலான் நகரில் சொற்கலை ஆசிரியப் பதவி பெற்ற அகுஸ்தீன், பேரரசரைப் புகழ்ந்து பேச ஆயத்தமானார். அதில் பல பொய்கள் இருக்கும் என்பதை அவர் அறிவார், கைதட்டப்போகிறவர்களும் அறிவார்கள். அந்நேரம் தெருவில் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைக் கண்டு, அவனுக்கிருந்த மகிழ்ச்சிகூடத் தமக்கில்லையே என்று வருந்தினார். 386இல் அப்பதவியை விட்டார். நெஞ்சு நோயினால் குரல் தளர்ந்ததும் ஒரு காரணம். ஆனால் சொற்களை விற்கும் அத்தொழிலில் மனம் வெறுத்ததே பெரிய காரணம்.

அகுஸ்தீனுக்கு, தாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதாவது தெரிந்திருந்தது. இன்று அதுவும் தெரியாமற் போகலாம். அமெரிக்கக் குரற்கலைஞரான சூசன் பெனற் 2005 யூலை மாதம் முழுவதும், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், பொருளற்ற வாக்கியங்கள் பலவற்றை வாசித்துப் பதிவு செய்தார். 2011இல் ஐபோனில் ‘சிறி’ என்ற பெயரில் பேசியது தம் குரலே என்பதைச் சக கலைஞர் ஒருவர் சொல்லித்தான் அறிந்ததாக அவர் கூறியிருக்கிறார். இப்போதோ சிறிய ஒலிப்பதிவு ஒன்றிலிருந்தே ஒருவருடைய குரலைக் கணினி போலியாக உருவாக்கிவிடுகிறது. இத்தகைய போலிக்கு எதிரான பாதுகாப்பைக் கேட்டே, வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுக்கும் அமெரிக்கக் கலைஞர்கள் 2024 யூலையில் தொடங்கி ஏறத்தாழ 11 மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாம் சொல்லாத சொல்லை நம் குரல் சொல்லும் காலம் வந்துவிட்டது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைத் தடுக்காதீர்கள். நன்றாகப் பயிலட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன், “என் குரலை எதற்கு, எவ்வளவு காலத்துக்குப் பாவிப்பீர்கள்? இயந்திரத்துக்குக் கொடுப்பீர்களா?” என்று கேட்கப் பழக்குங்கள். பதில் இல்லாத இடத்தில் பணம் இருந்தாலும், திரும்பி வரும் துணிவைக் கொடுங்கள்.

பிரதி கைக்கு வந்ததும் தன்னையே கேட்டுப் பார்க்கட்டும்: ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லவேண்டும் என்றார்களே, அந்த ஒருவர் என் தாயாக இருந்தால், இந்த வரியை இதே குரலில் சொல்வேனா?

சொல்வேன் என்றால், தாராளமாகச் சொல்லட்டும்.