பேயோ வென்றது?

வில்லியம் பீட்டர் பிளாட்டி என்பார் 1971-ஆம் ஆண்டில் எழுதிய புதினம், 1973-ஆம் ஆண்டில் வில்லியம் பிரீட்கின் இயக்க, 'தி எக்ஸார்சிஸ்ட்' என்னும் திரைப்படமாய் வெளிவந்தது. அதன் முடிவின்கண் எழும் ஐயமொன்றை ஈண்டு யாம் ஆராயப் புகுவாம்.

வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில், ரீகன் என்னும் 12 வயதுச் சிறுமியைப் பேய் பற்றுகின்றது. அதனை ஓட்ட வந்த முதிய குரு மெரின் இடையே உயிர் துறக்கின்றார். இளைய குருவாகிய கராஸ் சினம் மீதூரச் சிறுமியைப் புடைத்துத் தம்முட் புகுமாறு பேயை அறைகூவுகின்றார். அது புகுந்தவுடன் அவர் கைகள் சிறுமியை நோக்கி நீள்கின்றன. அந்நிலையில் தம் முகம் மீளப்பெற்று, மறுத்துக் கூவிச் சாளரத்தின் வழியே பாய்ந்து, நெடும்படிகளில் உருண்டு மாள்கின்றார்.

பேயே அவரை வீழ்த்தியது, ஆதலின் வென்றது பேயே என்பார் உளர். அங்ஙனங் கொண்டாரைக் குறித்துப் பிளாட்டியே வருந்தினார். அக்கூற்றுப் பொருந்தாது. என்னை? கைகளை நீட்டுவித்தது சிறுமியைக் கொல்லும் வேட்கை. பாய்ச்சலோ அவ்வேட்கையைத் தடுத்தது. எவன் விருப்பம் ஒரு செயலால் நிறைவேறுகின்றதோ அவனே அதற்குக் கருத்தாவாவன்.

அற்றேல், அது தற்கொலையன்றோ எனின், அன்று. தற்கொலை புரிவான் தன் சாவையே வேண்டுவான். கராஸ் வேண்டியது சிறுமியின் உயிர். எரியும் வைக்கோற் கட்டை வீட்டினின்றும் வெளியே சுமந்தோடியவன் வெந்து மாளினும், அவன் தீக்குளித்தான் என யாரும் கூறார்.

சினத்திற் றொடங்கியது நல்வினையாமோ எனின், இவ்வினா வலியுடைத்து. சிறுமியைப் புடைத்த கை குற்றமுடைய கையே. அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும், பேயை அழைத்தது சினம். சாளரத்தை நோக்கிச் செலுத்தியது இரக்கம். வீழ்ந்து கிடந்தாரிடம் நண்பராகிய டயர் குரு பாவ அறிக்கை செய்ய விருப்பமோ என வினவ, பேச இயலாத அவர் விரல்கள் நண்பர் கையை அழுத்தின. குற்றமுடைய அக்கையே விடையும் கூறிற்று.

2000-ஆம் ஆண்டின் பதிப்பிற் சேர்க்கப்பட்ட காட்சியொன்றில், பேயின் நோக்கத்தை மெரின் விளக்குகின்றார். மனிதர் தம்மை இழிந்தவராகக் கருதி நம்பிக்கை இழத்தலே அதன் குறியாம். சிறுமியை வருத்துதல் அதற்குக் கருவி. இலக்கு, கண்டு நிற்போரே. ஆகவே, படங்கண்டு வெளிவருவார் தீமையே வலிது என்று துணிவராயின், பேய் வென்றது அவர்மாட்டேயாம். கராஸினிடத்து அது தோற்றொழிந்தது.