"ஒரு பால் பாக்கெட் வாங்கி வர இவ்வளவு அலுப்பா?"



தலைப்பில் உள்ள கேள்வி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி. அத்தாவும் கேட்பார், அண்ணனும் கேட்பார், விருந்துக்கு வந்த மாமியும் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்.

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளையின் வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. வளர்ப்பினால் வருவதல்ல. வயது வந்ததும் மறைந்து போவதுமல்ல. நம் நாட்டின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிலருக்குப் பேச்சே வராது. சிலர் பட்டம் வாங்கி வேலைக்கும் போவார்கள். முதலாமவர் மீது நமக்கு இரக்கம் வருகிறது. இரண்டாமவரைத்தான் "சோம்பேறி", "திமிர் பிடித்தவன்" என்று சொல்லிவிடுகிறோம்.

நீங்கள் மளிகைக் கடைக்குள் நுழைகிறீர்கள். ஃபேன் ஓடுகிறது, வெளியே ஹாரன் அடிக்கிறது, பணம் வந்துவிட்டது என்று ஸ்பீக்கர் பெட்டி கத்துகிறது, பக்கத்தில் கருவாட்டு வாடை. இவை எதுவும் உங்களுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. தேவையற்ற ஓசைகளை மூளை தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இது நாம் ஒரு நாளும் ஷுக்ரு செய்யாத நிஃமத்! ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்தத் தடுப்பு நம்மைப் போல வேலை செய்வதில்லை. ஹாரனும், ட்யூப்லைட்டின் துடிப்பும், சட்டைக் காலரின் உரசலும், கடைக்காரர் கேட்கும் கேள்வியும் ஒரே எடையில் வந்து விழுகின்றன. எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. சிலருக்கு ஓசை தாங்காது, சிலருக்கு வாசனை. வேறு சிலருக்குத் தன் பசியும் தாகமும்கூட உடல் சோர்ந்து விழும்வரை தெரியாது.

அதோடு முடிந்ததா? கடைக்குப் புறப்படுவதே அவருக்குப் பல வேலைகள். எந்த வழி, யார் எதிரே வருவார், ஸலாம் சொன்னால் அடுத்து என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவார். அங்கே போனால் கடைக்காரர், "அந்தப் பால் தீர்ந்துருச்சு தம்பி, வேற தரட்டுமா?" என்பார். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு நொடி விஷயம். அவருக்கோ போட்டு வைத்த திட்டம் முழுவதும் கலைந்து போகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. "சீக்கிரம் சொல்லுப்பா" என்கிறார் ஒருவர். இத்தனைக்கும் நடுவே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும். மற்றவரைப் போலத் தெரிவதற்கு அவர் படும் இந்த உழைப்புதான் எல்லாவற்றிலும் பெரிய களைப்பு. அவர் எவ்வளவு நன்றாக மறைக்கிறாரோ, அவ்வளவு குறைவாக நாம் நம்புகிறோம்.

தாங்க முடியாமல் கடையிலேயே காதைப் பொத்திக்கொண்டு அழுதால், "ஜின் பிடித்திருக்கிறது, ஓதிப் பாருங்கள்" என்கிறார்கள். ஓதுவதும் துஆவும் எல்லோருக்கும் வேண்டியவைதான். ஆனால் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஜின்னைத் தேடாதீர்கள்.

அன்பானவர்களே! முஸ்லிம் ஷரீஃபில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்வு இருக்கிறது. மனநிலையில் ஏதோ ஒரு குறை இருந்த ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு ஹாஜத், அதாவது ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் அவரை மரியாதையோடு அழைத்து, எந்தத் தெரு வேண்டுமென்று அவரையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு வழியோரம் அவருடன் தனியே நின்று, அவருடைய தேவை முடியும்வரை இருந்தார்கள். (அப்பெண்மணிக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை, அதை முடிவு செய்யும் உரிமை நமக்கில்லை.) மதீனாவின் தலைவருக்கு எத்தனை வேலைகள் இருந்திருக்கும்! ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண்மணி. நேரத்தை முடித்ததும் அந்தப் பெண்மணி.

தொழுகையை நீட்ட நினைத்து நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாய்க்குச் சிரமமாகுமே என்று சுருக்கிக்கொண்டதை புகாரி ஷரீஃபில் பார்க்கிறோம். ஒரு சத்தம் ஒரு உள்ளத்தை என்ன செய்யும் என்பது தொழுகையிலேயே கவனிக்கப்பட்டிருக்கிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! அந்தத் தம்பி சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் வாங்கிப் படித்துப் பொருளைக் கொடுங்கள். வாய் திறந்து கேட்க வைக்க வேண்டாம். கூட்டம் இல்லாத நேரம் எது என்று அவர் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். பெற்றோர்களே! கடைக்குப் போய் வந்த நாளில் அவரைக் கல்யாண வீட்டுக்கும் இழுக்காதீர்கள். வந்ததும் கேள்வி கேட்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

பள்ளிவாசலுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வது சுன்னத். கூச்சப்பட்டு ஒதுங்குபவரின் கையைப் பிடித்து இழுப்பது சுன்னத் அல்ல. காதில் சத்தம் குறைக்கும் ஹெட்போன் மாட்டி வரும் பையனைப் பார்த்து, பாட்டுக் கேட்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். வெளிப்பள்ளியின் ஓரத்தில், ஸ்பீக்கர் இல்லாத தூணுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவர் விரும்பினால், அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். ஜும்ஆவின் நெரிசல் ஒருவரை நிலைகுலைய வைக்கிறது என்றால், அவருடைய பெற்றோர் என்னிடமோ வேறு ஆலிமிடமோ தனியே பேசட்டும். தயங்கிப் பள்ளியையே மறக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! சொல்லத் தெரியாமல் களைத்துப் படுத்திருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு ராஹத்தைத் தருவாயாக! அவர்களுடைய தாய்மார்களின் கவலையை இலேசாக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.