வரிசையின் விலை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையோரம் சிறிது நேரம் நின்றால், கார் கிடைப்பதில் ஒரு தட்டுப்பாடு இருக்கும் என்று நம்பவே முடியாது. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய கேரியர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியின் ஆராய்ச்சி மையத்தில்தான் எக்ஸ்யூவி 700 உருவானது. 2021 அக்டோபர் 7ஆம் தேதி அதற்கு புக்கிங் திறந்தபோது ஒரு மணி நேரத்துக்குள் 25,000 பேர் பதிந்துவிட்டார்கள். 2022 ஜூலை 30 அன்று அதே நிறுவனத்தின் ஸ்கார்ப்பியோ-என்னுக்கு புக்கிங் திறந்தது; அரை மணி நேரத்தில் 1 லட்சம் புக்கிங். முன்பணம் 21,000 ரூபாய். அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும். மற்றவர்களுக்கு டெலிவரி அன்று என்ன விலையோ, அதுதான்.

இப்படி வெயிட்டிங் நீளும்போதெல்லாம் பழைய கார் விற்கும் இடங்களில் பழையதே ஆகாத கார்கள் வந்து நிற்கும். அப்படி ஒன்றை அருகில் போய்ப் பார்த்தேன். சீட்டின் பாலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. டயரின் ரப்பர் முடிகள்கூடத் தேயவில்லை. பூஜை போட்ட சந்தனப் பொட்டு மட்டும் முன்பக்கம் காய்ந்திருந்தது. ஆர்.சி.யில் ஒரு ஓனர் பெயர் ஏறியாயிற்று. வாங்குபவர் செகண்ட் ஓனர். ஆனாலும் ஷோரூம் விலையைவிட அதிகம் கேட்டார்கள். ஏன் என்றதற்குப் புரோக்கர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "வண்டிக்கு இல்ல சார், டைமுக்குத்தான் காசு. ஆறு மாசம் காத்திருக்கிறீங்களா, இன்னிக்கே ஓட்டிட்டுப் போறீங்களா?"

இது புது வியாபாரம் அல்ல. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் அம்பாசடர், பத்மினி, இதே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கார்கள்தான். எத்தனை தயாரிக்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதில் அரசின் கை இருந்தது. வாங்கிய காரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கைமாற்றக் கூடாது என்றும் ஆணை இருந்தது. அப்படியும் விலைக்கு மேல் கேட்கும் 'பிரீமியம்' ஒழியவில்லை. 1983இல் 50,000 ரூபாய்க்கும் குறைவான விலையில் மாருதி 800 வந்தபோது, குலுக்கலில் பெயர் விழுந்தவர்களின் அலாட்மென்டே சரக்காயிற்று. ஆணையால் ஆகாததை உற்பத்திதான் செய்தது. 1993இல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் நீங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. கேட்ட காரைக் கேட்ட மாதத்திலேயே எடுக்கலாம் என்ற நிலையை உருவாக்கியதில் இந்த வட்டாரத்து ஷிப்ட் தொழிலாளிகளுக்குப் பெரும் பங்குண்டு. அதை யாரும் அவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அன்றைய பற்றாக்குறைக்குக் காரணம் அரசு. 2021இல் உலகமெங்கும் செமிகண்டக்டர் சிப் தட்டுப்பாடு. அதுவும் உண்மையான காரணம்தான். ஆனால் 'முதல் 25,000 பேர்' என்ற எல்லை, விற்பனைக்காக மனிதர் போட்ட கோடு. அந்தக் கோட்டுக்குள் நுழைந்தவருக்குக் கிடைத்த சலுகையைத்தான் சிலர் விற்றார்கள்.

விற்பவர் கேட்பார்: என் பணம், என் பெயர், என் கார், வாங்குபவரும் மனதாரத் தருகிறார், இதில் யாருக்கு நஷ்டம்? சட்டப்படி இதற்குப் பதில் சொல்வது கடினம். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவரைக் கேட்டால்தான் தெரியும். கோயில் வரிசையை எடுத்துக்கொள்வோம். பெரிய கோயில்களில் சிறப்பு தரிசனச் சீட்டு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்றாலும் அந்தக் காசு கோயிலுக்குப் போகிறது. கும்பிடும் எண்ணமே இல்லாத ஒருவர் தர்ம தரிசன வரிசையில் இடம்பிடித்து அதை விற்றால், அந்தக் காசு கோயிலுக்கும் இல்லை, பின்னால் குழந்தையோடு நிற்பவருக்கும் இல்லை.

பணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நாள் மட்டும் முதலாளிக்கும் 24 மணி நேரம், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் 24 மணி நேரம். அதனால்தான் வரிசை நியாயமானது. அதிகம் கொடுக்க முடியாதவன் அங்கே காத்திருப்பைக் கொடுத்து நிகராகிறான். அந்தக் காத்திருப்பையும் காசாக மாற்றிவிட்டால், அவன் கையிலிருந்த ஒரே நாணயம் செல்லாமல் போகிறது. காரில்லாமல் யாரும் செத்துவிடமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் காரில் பழகிய கை வீட்டுமனையிலும் பள்ளிக்கூட அட்மிஷனிலும் ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் நீளாமல் இருக்காது.

எங்கள் தெருவில் ஒரகடம் ஆலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி, புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். அதற்குள் விலை ஏறியது, கடன் வட்டியும் ஏறியது. "பிரீமியம் கொடுத்திருந்தா அன்னைக்கே கெடைச்சிருக்கும்ணே. ஆனா எனக்கு முன்னாடி நிக்கிறவன் எவனோ, அவன் இடத்தை நான் ஏன் விலைக்கு வாங்கணும்?" என்றார். ஏறிய விலையைக் கட்டித்தான் சாவி வாங்கினார்.